வழவழ வெண்டைக்கா... மொறுமொறு வெண்டைக்கா!

கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லாம ஒருத்தன் சுத்திச் சுத்திப் பேசினா என்ன சொல்லுவோம்? 'வெண்டைக்காயை விளக்கெண்ணெய்ல வதக்கின மாதிரி பேசாதடா!' வைவா எக்ஸாம்ல நம்மள்ல பாதிப் பேரு இந்தக் கேஸ்தான். ஆனா பாருங்க, அதே வெண்டைக்கா கையில எடுத்தா 'டப்'புனு ஒடியுற அளவுக்கு மொறுமொறுன்னு ஆகிட்டா, ஹாஸ்டல் தயிர்சாதம்கூட உள்ள இறங்கிடும். இந்த வழவழாவுக்கும் மொறுமொறுவுக்கும் நடுவுல என்னதான் நடக்குது? அதுதான் பாஸ் இந்த வார மேட்டர்.

முதல்ல ஒரு மூடநம்பிக்கையைத் தூக்கிக் கடாசிடுவோம். (வெண்டைக்கா சாப்பிட்டா கணக்கு வரும்கிறது இல்லை. அதை நான் தொட மாட்டேன். எங்க கிளாஸ்ல மேத்ஸ் அரியர் வெச்சிருக்கிற பல பேரு அதை நம்பித்தான் உயிர் வாழுறாங்க!) நான் சொல்றது வேற. 'எண்ணெய் நிறைய ஊத்தினாத்தான் மொறுமொறுப்பு வரும்'னு நினைக்கிறோமே, அது. எண்ணெய் வெறும் டெலிவரி பாய்தாங்க. சூட்டைக் கொண்டுபோய்க் காய் மேல சேர்க்குறது மட்டும்தான் அதோட வேலை. மொறுமொறுப்புங்கிறது உள்ள இருக்கிற தண்ணி வெளிய போறது. தண்ணி போற வழி எதுவா இருந்தாலும் சரி, போயிட்டா மொறுமொறு. போகலைன்னா கொழகொழ. அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரியவெச்சது எந்தப் புரொஃபசரும் இல்லை. எங்க அம்மாச்சி ஊரு வெயில்.

விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல பாலவனத்தம்னு ஒரு ஊரு. மதுரையில 1901-ல நான்காம் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பிச்ச பாண்டித்துரைத் தேவர், இந்தப் பாலவனத்தம் ஜமீன்தார்தான். (நோட்ஸ் எடுத்துக்கங்க, க்விஸ்ல கேப்பாங்க.) மத்தபடி கரிசக்காடு, சீமைக்கருவேலம், கிணத்துல தண்ணி இருக்கிறவங்க தோட்டத்துல மட்டும் கொஞ்சம் பச்சை. அப்புறம் வெயில்... வெயில்... வெயில். சித்திரை மாசம் மத்தியானம் மொட்டை மாடியில செருப்பில்லாம நின்னீங்கன்னா டான்ஸ் கிளாஸுக்குத் தனியா ஃபீஸ் கட்டத் தேவையில்லை.

வெண்டைச்செடியோட பூவைப் பார்த்திருக்கீங்களா? வெளிர்மஞ்சளா இருக்கும், நடுவுல கருஞ்சிவப்பு. பருத்திப் பூவைப் பார்த்தவங்க 'அட, அதே மாதிரி இருக்கே'ம்பாங்க. இருக்காதா பின்ன... பருத்தி, வெண்டை, செம்பருத்தி மூணும் ஒரே குடும்பம், பங்காளிங்க. நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தா வெண்டைக்காய்க்கும் ஒரு மரியாதை கொடுங்க.

வெண்டையில விவசாயிக்கு ஒரு பெரிய தலைவலி இருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சே ஆகணும். 'விலை ஏறட்டும், நாலு நாள் கழிச்சுப் பறிப்போம்'னு விட்டா முத்திப்போயி நாராயிடும். ஃப்ரிட்ஜ்லயும் ரொம்ப நாள் தாங்காது. அப்போ, காய் கொட்டிக் கெடந்து மார்க்கெட்ல விலை விழுந்துட்டா? மூட்டைக்குக் கட்டுற வண்டி வாடகைகூட தேறாத நாள்ல? அதுக்குக் கண்டுபிடிச்சதுதான் வத்தல். வெயில்ல போட்டு வெச்சிக்கிட்டா ஒரு வருஷம் கையில இருக்கும். காய்க்கு ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி!

அம்மாச்சி செய்யற மோர்வத்தல் இப்படி: காயைக் கழுவித் துணியால துடைச்சி, அரை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ஊறவெப்பாங்க. காலையில எடுத்து மாடியில வேட்டித்துணி விரிச்சுக் காயப்போடுவாங்க. சாயங்காலம் திரும்ப அதே மோருக்குள்ள. மறுநாள் மாடி. இப்படியே மோரு காலியாகுற வரைக்கும். நாலஞ்சு நாள்ல சலசலன்னு சத்தம் வரும், டப்பாவுல அள்ளிப் போட்டுடலாம். புளிச்ச மோர் எதுக்குன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? வெண்டைக்காயோட கொழகொழப்பு, தண்ணியில கரையுற ஒரு மாவுப்பொருள் குடும்பத்து ஐட்டம். புளிப்பு பட்டா அது அடங்கிடும். புளிக்குழம்புல போட்ட வெண்டைக்கா அவ்வளவா வழுக்காததும் இதனாலதான். அம்மாச்சி கெமிஸ்ட்ரி படிச்சதில்லை. 'மோருல போட்டா கோழை முறியும்யா'ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

இப்போ ஏர் ஃப்ரையருக்கு வருவோம். பேரைக் கேட்டா ஏதோ காத்துலயே பொரிக்கிற மந்திரம் மாதிரி இருக்குல்ல? உள்ள திறந்து பார்த்தா மேல ஒரு ஹீட்டர் காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், கீழ ஓட்டை போட்ட ஒரு கூடை. முடிஞ்சது. நெதர்லாந்துக்காரர் ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கின டிசைனை வெச்சு, பிலிப்ஸ் கம்பெனி 2010-ல பெர்லின் கண்காட்சியில அறிமுகப்படுத்தினது. உருளைக்கிழங்கு வறுவலுக்காக யோசிச்சது. ஆனா தத்துவம் என்ன? சூடு, ஓடுற காத்து, ஈரம் வெளிய போக வழி. பாலவனத்தம் மாடியில என்ன இருக்கோ அதேதான்! அங்க 40 டிகிரியில நாலு நாள். இங்க 180 டிகிரியில கால் மணி நேரம். சென்னையில இதே வத்தலைப் போட்டுப் பாருங்க... கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி, காயவே காயாது, காய்ஞ்சதும் ராத்திரியில நமுத்துப்போகும். வெயில் மட்டும் போதாது, காஞ்ச காத்தும் வேணும். எங்க ஊர்ல அது ரெண்டும் இலவச இணைப்பு.

ஒரு கணக்குப் போடலாமா? (ஓடாதீங்க, சின்னதுதான்.) கால் கிலோ வெண்டைக்கால கிட்டத்தட்ட 90 சதவிகிதம் தண்ணி. அதுல 200 கிராம் ஆவியா வெளிய போகணும்னு வெச்சிக்கங்க. தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோயி ஆவியாக்க மொத்தம் 525 கிலோ ஜூல் பக்கம் ஆகும். 1400 வாட் மெஷின், ஒரு துளி சூடுகூட வீணாகாம வேலை செஞ்சா ஆறேகால் நிமிஷம். நிஜத்துல பாதிக்கு மேல சூடு காத்தோட பின்பக்கமா ஓடிடும். அதனால கால் மணி நேரம். இப்போ நீங்க ஆசையா அரைக் கிலோவை அமுக்கி அடைச்சா? தண்ணி டபுள், மெஷின் அதே மெஷின். ஆவி வெளிய போக இடமில்லாம காய் அதோட ஆவியிலேயே அவிஞ்சிடும். தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும் காயோட சூடு 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. தாண்டினாத்தான் சிவக்கும், வாசம் வரும். 'ஏர் ஃப்ரையர் வேஸ்ட்டு மச்சி, வெண்டைக்கா சவசவன்னு வருது'ன்னு சொல்றவங்க கூடையை ஒரு தடவை எட்டிப் பாருங்க. டவுன் பஸ் மாதிரி இருக்கும்.

சரி, செய்முறை. நுனியை ஒடிச்சா 'டப்'புனு ஒடியுற பிஞ்சுக் காய் கால் கிலோ. (கடைக்காரர் முறைப்பார், கண்டுக்காதீங்க. ஒடிச்சதை நீங்களே வாங்கிடுங்க, அது நியாயம்.) நறுக்குறதுக்கு முன்னாடியே கழுவி, துடைச்சு, அரைமணி நேரம் ஃபேனுக்குக் கீழ விரிச்சிடுங்க. நறுக்கின பிறகு தண்ணி பட்டா கொழகொழப்பு கிளம்பிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் காப்பாத்த முடியாது. வட்டமா வேணாம், நீளவாக்குல நாலாக் கீறுங்க. மிளகாய்த்தூள் முக்கால் ஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கடலைமாவு ரெண்டு ஸ்பூன், அரிசிமாவு ஒரு ஸ்பூன். தண்ணி தெளிக்கவே கூடாது. காயோட பிசுக்கே மாவை ஒட்டவெச்சிடும். நம்ம வில்லன் ஹீரோவாகுற சீன் இது! கடைசியா கடலெண்ணெய் ரெண்டு டீஸ்பூன் விட்டுப் பிசிறுங்க. எண்ணெயே வேணாம்னு வீறாப்பு காட்டாதீங்க, மாவு வெள்ளையா வறண்டு நிக்கும், சாக்பீஸ் தின்ன ஃபீலிங்.

மெஷினை 180 டிகிரியில மூணு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, காயை ஒரே அடுக்கா பரப்புங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூடையை இழுத்துக் குலுக்குங்க. 12 நிமிஷத்துல ஒரு துண்டை எடுத்துக் கடிச்சுப் பாருங்க. 15-ல முடிஞ்சிடும். சில மெஷின் 18 கேக்கும். உப்பு? எடுத்த பிறகு. முன்னாடியே போட்டா உப்பு தண்ணியை வெளிய இழுத்துக் காயை நனைச்சிடும். கால் கிலோ போட்டா வெளிய வரும்போது ரெண்டு கைப்பிடிதான் இருக்கும், 'யாருடா தின்னது?'ன்னு ரூம்மேட்டை சந்தேகப்படாதீங்க. தண்ணி போயிடுச்சு, அவ்வளவுதான்.

இனிமே கொஞ்சம் சீரியஸ். எங்க தாத்தாவுக்குப் போன வருஷம் ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சாங்க. பி.பி.யும் உண்டு. எண்ணெயைக் குறைங்க, உப்பைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். கம்மங்கூழுக்கு வத்தல்தான் வெஞ்சனம்னு எழுபது வருஷமா சாப்பிட்ட மனுஷன். மாமா ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கிட்டு வந்தார். வீட்டுல எல்லாரும் ஹேப்பி. 'வத்தலை இதுல போட்டுக் குடுத்தா எண்ணெயே இல்லை, அய்யா தாராளமா சாப்பிடலாம்!'

எனக்கு மட்டும் இடிச்சது. அம்மாச்சிகிட்ட அளவு கேட்டேன். ஒரு கிலோ காய்க்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் உப்பு, சுமாரா 35 கிராம். மோரு காலியாகுற வரைக்கும் ஊறவெச்சுக் காயப்போடுறதால உப்பு அத்தனையும் வத்தலுக்குள்ளதான் இருக்கு. ஒரு கிலோ காய் காய்ஞ்சா எங்க வீட்டுக் கணக்குல 170 கிராம் வத்தல். தாத்தா ஒரு வேளைக்கு அள்ளிப் போடுற கைப்பிடி 15 கிராம். அப்படின்னா அதுல மட்டும் உப்பு 3 கிராம்! ஒரு நாளைக்கு மொத்தமாவே 5 கிராமுக்குக் குறைவா இருக்கணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. ஏர் ஃப்ரையர் எண்ணெயைத்தான் குறைக்கும், உப்பை எடுக்காது. 'எண்ணெய் இல்லை, அதனால நல்லது'ன்னு ரெண்டு கைப்பிடி சேர்த்துச் சாப்பிட்டா ஹார்ட்டுக்கு நாமளே வேட்டு வெக்கிறோம்.

அதனால தாத்தாவுக்கு வத்தல் இல்லை. மேல சொன்ன பச்சை வெண்டைக்காதான். கால் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் உப்பு, மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அரை கிராம்தான் வருது. உப்புக் குறையுற இடத்துல எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிஞ்சு உடனே சாப்பிடணும், நேரமானா நமுத்துடும். முதல் நாள் தாத்தா ஒரு துண்டை எடுத்து வாயில போட்டார். நாங்க எல்லாரும் ரிசல்ட் போர்டு பார்க்கிற மாதிரி அவர் முகத்தையே பார்த்தோம். 'வத்தலு மாதிரி இல்ல...'ன்னார். கொஞ்சம் கழிச்சுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார்.

வத்தலையும் ஏர் ஃப்ரையர்ல போடலாமான்னு மத்தவங்க கேப்பீங்க. போடலாம், எண்ணெயைத் தொட்டுப் பிசிறி 160 டிகிரியில மூணு நிமிஷம். ஆனா எடை கம்மியா இருக்கிறதால ஃபேன் காத்துல பறந்துபோயி ஹீட்டர்ல ஒட்டிக் கருகும். மேல ஒரு சின்னக் கம்பி வலைத்தட்டைக் கவுத்து வெச்சிடுங்க.

கடைசியா கரன்ட் மேட்டர். 1400 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா 6 ஆம்பியரைத் தாண்டுது. அதனால சார்ஜர் சொருகுற சின்ன பிளக்ல எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டாதீங்க, கிரைண்டர் சொருகுற பெரிய பவர் பிளக் வேணும். (ஹாஸ்டல்ல? வார்டன்கிட்ட கேளுங்க. பதில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.) கால் மணி நேரத்துக்கு அதிகபட்சம் 0.35 யூனிட், அது பெரிய செலவில்லை. ஆனா கிராமத்துல மோட்டார் ஓடுற நேரம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினா, சூடு 17 சதவிகிதம் குறையும்னு நினைப்பீங்க. இல்லை, ஹீட்டரோட பவர் வோல்டேஜோட ஸ்கொயர் கணக்கு. 1400 வாட் மெஷின் 950 வாட்டுக்கு வந்து நிக்கும். வெண்டைக்கா வேகும், மொறுக்காது. எங்க வீட்டுல சாயங்காலம் போட்டதுக்கும் மத்தியானம் போட்டதுக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். இப்போ அம்மாச்சி மத்தியானமே மெஷினைப் போட்டுட்டு, வத்தல் துணியைத் திருப்பிப் போட மாடிக்குப் போறாங்க. இறங்கி வரும்போது கீழ இது ரெடி.

அடுத்த வாரம்: விருதுநகர் எண்ணெய் பரோட்டா. அதுக்கு ஏர் ஃப்ரையர் பக்கமே போக மாட்டேன், பயப்படாதீங்க!