பள்ளிக்கு விடாதவர்களிடம் பள்ளிக்கூடக் கேள்வி

முதியோரின் ஞாபகத் திறனைக் கைபேசி, காணொலி வழியாகவே சோதித்துவிடலாம் என்ற பேச்சு கொரோனாவுக்குப் பிறகு மருத்துவ உலகில் வலுத்திருக்கிறது. மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியைச் சுற்றியுள்ள நம் காலனிகளிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமங்களிலும் இது அதிகம். சிறுவயதில் கல்வி கிடைக்காததும் இந்நோய்க்கு ஒரு காரணி என்று லான்செட் இதழின் ஆணையம் 2024-இல் மீண்டும் சொன்னது. படிப்பை மறுத்த சாதி, முதுமையில் மூளை வரை வந்து நிற்கிறது.

அடுத்த கொடுமை சோதனைத் தாளில் இருக்கிறது. 1975-இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, எழுதியிருப்பதைப் படிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, படத்தைப் பார்த்து வரைவது ஆகியவற்றுக்கு மட்டும் 8. நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் வளர்ந்த 75 வயது ஆயா இதில் தோற்றால், போனது அவர் ஞாபகமா? ஆடிக் கூழ் எந்த ஞாயிறு என்று பிசகாமல் சொல்பவர், ஆங்கிலத் தேதி கேட்டால் விழிக்கத்தான் செய்வார். உண்மையிலேயே நோய் வந்தவரையோ 'வயசாயிடுச்சு' என்று வீடே விட்டுவிடுகிறது. தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. அதுவும் கைநழுவிப் போகிறது.

கைபேசி கதை தனி. வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போன் விடியற்காலை ஷிஃப்டுக்கு மகனோடு கிளம்பிவிடும். காது மந்தமானவருக்குக் கேட்காத கேள்வியெல்லாம் மறதி என்றே பதிவாகும்.

மாற்று இல்லாமல் இல்லை. ஹரியானாவின் வல்லப்கர் பகுதியில் மேரி கங்குலி குழுவினர், எழுத்தறியாதவர்களுக்காகவே இந்தச் சோதனையை மாற்றி 1995-இல் வெளியிட்டார்கள். வாக்கியம் எழுதச் சொல்லாமல், உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்களும் 2009-இல் ஊர்ப்புற முதியோருக்கான கேள்விகளைத் தந்தார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் பத்துக் கேள்விகளைக் கொடுங்கள் என்கிறோம். ரேஷன் கடைக்குப் போய் வழி தவறினாரா? குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறாரா? முதியோர் உதவித்தொகையை எண்ணி வாங்குகிறாரா? பெரியவரிடம் மட்டுமல்ல, உடன் இருப்பவரிடமும் கேட்க வேண்டும். கல்லூரி போகும் தம்பி தங்கைகள் இதை இன்றிரவே வீட்டில் கவனிக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரவைத்து, அங்கிருந்து காணொலியில் சிறப்பு மருத்துவரோடு பேசவைக்கட்டும். தொலைதொடர்பு அங்கேதான் உதவும். பேசவைக்கும் முன், அவருக்குக் காது கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடட்டும்.