நாக்குக்கடியில் டைனமைட்

எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் நெஞ்சு பிசைந்தால் நாக்குக்கடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொள்வார். 'அது டைனமைட் சரக்கு சார்' என்றேன். முறைத்தார். நிஜம்தான், நைட்ரோகிளிசரின்! டைனமைட் கண்டுபிடித்த நோபலுக்கே டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். விதியின் கிண்டலைப் பார் என்று 1896-ல் கடிதத்தில் அலுத்துக்கொண்டார் மனுஷன்.

உள்ளே போனதும் அது நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவைத் தருகிறது. இதய ரத்தக்குழாயின் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. நம் ரத்தக்குழாய்களின் உள்சுவரே இதே வாயுவைத் தயாரிக்கிறது. ஆயுசு சில செகண்டுதான். சிகரெட் அந்தத் தயாரிப்பைக் கெடுக்கும் (டீக்கடை வாசல் நண்பர்கள் கவனிக்க).

இதைக் கண்டுபிடித்த பர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் கிடைத்தது... நோபல் பரிசேதான்!

அதே வருஷம் வந்த வயாக்ராவுக்கும் இதே ரூட்தான். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளம், ஆளே காலி. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரி போகிறவர், வயாக்ரா போட்டிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய சமாச்சாரம் அது.