எந்த வெண்டையை விதைப்பது?

வீட்டுக் கொல்லையில் வெண்டை பயிரிட விரும்பும் சகோதரிகள் விதைக் கடையில் கேட்பது, "எது அதிகம் காய்க்கும்?" என்பதே. அதற்கு முன்பாக, "எது நோயைத் தாங்கும்?" என்று கேட்பதே அறிவுடைமை.

வெண்டைக்குப் பெரும்பகை மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் இந்நோய் இளம் செடியைத் தொற்றினால் இலை நரம்புகள் மஞ்சளிக்கும். காய்கள் வெளிறிச் சிறுக்கும். விளைச்சல் பெரிதும் குன்றும்.

டெல்லியில் உருவான 'பூசா சவானி' இந்நோயைத் தாங்கியதாலேயே நாடெங்கும் பரவியது. நாளடைவில் அத்தன்மையை இழந்தது. பின்னர் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், காட்டு வெண்டை இனமொன்றுடன் கலந்து 'அர்க்கா அனாமிகா'வை உருவாக்கியது. ஹெக்டேருக்குச் சுமார் 20 டன் தரவல்லது என்பர். இன்று அதுவும் பல இடங்களில் நோய்க்கு ஆளாகிறது.

வீரிய ஒட்டு இரகங்கள் கூடுதலாகக் காய்க்கலாம். எனினும் அவற்றில் எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது. ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும். அனாமிகா போன்றவற்றில் நல்ல செடியின் காயை முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, இரண்டு இரகங்களை ஒரே நாளில், ஒரே பாத்தியில், வரிசைக்குப் பத்துச் செடியாக வளர்த்துப் பாருங்கள். ஏறக்குறைய 45 நாளில் காய் பறிக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து, எடையைத் தனித்தனியே குறித்து வாருங்கள். மஞ்சளித்த செடிகளையும் எண்ணிக் குறித்தபின் வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள். பருவ முடிவில் அக்கணக்கைப் பார்த்து, உங்கள் மண்ணுக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள்.