தலைக்குக் கவசம், காலுக்குச் செருப்பு

உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியே மூணாறு செல்லும் சாலை ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுடையது. சமவெளி வெயிலில் தொடங்கும் அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னார் வனவிலங்குச் சரணாலயத்தையும் ஊடறுத்துச் செல்கிறது. மழைமறைவுப் பகுதியின் முட்புதர்க் காட்டைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களின் ஈரத்தில் முடிகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கு ஏறும் சாலைகளும், ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குச் செல்லும் பாலக்காட்டுச் சாலையும் ஏறத்தாழ இதே இயல்பின. ஒரே பகலில் புழுதி, தார், சரளை, சேறு என நான்கு தரைகளைச் சக்கரம் சந்திக்கும்.

இவ்வழிகளில் இருசக்கர வண்டியில் செல்வோருள் ஆய்வு மாணவர் கணிசமானோர். தாவரவியலார், மானிடவியலார், இருளர், முதுவர் மொழிகளைப் பதிவுசெய்யும் மொழியியலார் எனப் பல துறையினரும் இவர்களுள் அடங்குவர். இவர்களின் தலையில் கவசம் இருக்கும். ஒலிப்பதிவுக் கருவி நீர்புகாத உறைக்குள் பத்திரமாக இருக்கும். காலில் மட்டும் பெரும்பாலும் செருப்போ ஓட்டப் பயிற்சிக்கான மெல்லிய காலணியோ இருக்கும். கருவிக்குக் கிடைத்த உறை கணுக்காலுக்குக் கிடைக்காமற்போனது தற்செயலன்று. சட்டமும் கல்வி நிறுவனமும் சந்தையும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் அது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைப் பற்றியே பேசுகிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்கிறது. அவருடைய ஆடை பின்சக்கரத்தில் சிக்காதிருக்கத் தடுப்பும் வேண்டும் என்கிறது. பின்னிருப்பவரின் ஆடையை நினைத்த விதி, ஓட்டுபவரின் பாதத்தை நினைக்கவில்லை. தலைக்காயம் உயிரைப் பறிப்பது. ஆகவே தலையில் தொடங்கியது முறையே. அங்கேயே நின்றுவிட்டதுதான் குறை.

கால்கள் எவ்வளவு அடிபடுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. 1999–2000 காலத்தில் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 921 மோட்டார் சைக்கிள், மொபெட் விபத்துகளை ஆராய்ந்த 'மெய்ட்ஸ்' ஆய்வில், பதிவான காயங்களுள் ஏறத்தாழ 32 விழுக்காடு கால்களில் ஏற்பட்டவை; உடலின் வேறெந்தப் பகுதியிலும் இவ்வளவு காயங்கள் பதிவாகவில்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநரை ஆராய்ந்து லிஸ் டி ரோம் குழுவினர் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சாதாரணக் காலணி அணிந்தவரோடு ஒப்பிட, மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத பூட்ஸ் அணிந்தவருக்குக்கூடக் காயமுறும் வாய்ப்பு பாதிக்கும் குறைவாக இருந்தது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. பூட்ஸ் அணிபவர் இயல்பாகவே கவனமாக ஓட்டுபவராகவும் இருக்கலாம் என்னும் ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும், விலையுயர்ந்த பூட்ஸ் வாங்க இயலாதவர் ஒன்றுமே அணியாமலிருக்க வேண்டியதில்லை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

எந்தப் பூட்ஸ் என்னும் வினா இதற்குப் பிறகே வருகிறது. அதற்கு விடை காணத் தடையாக நிற்பது 'ஆஃப்-ரோடு' என்னும் சொல். சாலை ஒன்று உண்டு, அதைவிட்டு விருப்பத்தோடு விலகிச் சாகசம் செய்யலாம் என்னும் எண்ணத்தை அச்சொல் சுமந்துவருகிறது. எல்லை மலைகளில் நிலைமை வேறு. காப்புக்காட்டுக்குள் சாலையைவிட்டு வண்டியை இறக்குவது குற்றம். இங்கு உள்ளவை எஸ்டேட்டின் கல்பாவிய பாதை, மழை அரித்த பஞ்சாயத்துச் சாலை, கடைசி வீட்டுக்கு ஏறும் செம்மண் சரிவு ஆகியவை. ஊரார்க்கு இவை யாவும் சாலைகளே. இவை முடியுமிடத்தில் நடை தொடங்குகிறது. ஏலத்தோட்டச் சரிவிலும் ஓடையிலும் வரப்பிலும் நடந்த பிறகே ஆய்வாளரின் வேலை தொடங்குகிறது. ஆகவே இங்குத் தேவைப்படும் பூட்ஸ் தார்ச்சாலை, கெட்ட சாலை, நடை ஆகிய மூன்றுக்கும் உரியதாக இருக்க வேண்டும். விளம்பரங்கள் முதலிரண்டைப் பேசுகின்றன. தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது மூன்றாவது.

மலைவழியில் விபத்து பெரும்பாலும் வேகத்தால் மட்டும் நேர்வதன்று. கொண்டை ஊசி வளைவில் சரளையில் சக்கரம் வழுக்கும். ஓட்டுபவர் அனிச்சையாகக் காலை ஊன்றுவார். பாதம் நிலைகொள்ள, உடல் திரும்ப, கணுக்கால் முறுகும். அல்லது 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி பக்கவாட்டில் சாய்ந்து பாதத்தைத் தரையோடு அழுத்தும். நல்ல பூட்ஸ் இவ்விரண்டையும் எதிர்கொள்ள வேண்டும்: கணுக்காலின் இருபுறமும் கெட்டியான காப்பு, பக்கவாட்டில் நசுங்காத அடிப்பாகம், விழும்போது கழன்றுவிடாத கட்டு.

இந்த அளவுகோலில் வகைகளை எடைபோடலாம். மோட்டோகிராஸ் பூட்ஸ் காலைக் கோட்டைபோல் காக்கும். ஆனால் அதை அணிந்து இரண்டு கிலோமீட்டர் சரிவில் ஏறுபவர் மூன்றாம் நாள் அதை அறையிலேயே விட்டுச்செல்வார். மலையேற்றக் காலணி நடைக்கு இனியது. முறுக்கத்தை ஓரளவே தடுக்கும், அதன் நீண்ட நாடா கியர் லீவரில் சிக்கவும் கூடும். இரும்பு முனையுள்ள தொழிற்சாலைக் காலணிக்கு ஐ.எஸ். 15298 என்னும் இந்தியத் தரம் உண்டு. மேலிருந்து விழும் பொருளிலிருந்து விரல்களைக் காப்பது அதன் முதன்மை வேலை, கணுக்காலின் முறுக்கம் அதன் கவலையன்று. ஏலத்தோட்டத் தொழிலாளர் அணியும் ரப்பர் கம்பூட்ஸ் அட்டைக்கும் சேற்றுக்கும் ஏற்றது. வண்டியிலோ தளர்ந்து நிற்கும், சூடான சைலன்சரில் பட்டால் உருகும். எஞ்சுவது 'அட்வென்சர்' அல்லது 'டூரிங்' என விற்கப்படும் நடுத்தர வகை. கெண்டைக்காலின் பாதிவரை உயரம், முன்பாதத்தில் வளையும் அடிப்பாகம், கால்மிதியைப் பற்றும் சிறு குதி ஆகியவை கொண்ட இவ்வகையே எல்லை மலைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

விற்பனையாளரின் சொல்லைவிட முத்திரை நம்பத்தக்கது. இ.என். 13634 என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் காலணிக்கான ஐரோப்பியத் தரம். 2017ஆம் ஆண்டுப் பதிப்பின்படி காலணியில் நான்கு எண்கள் வரிசையாக இருக்கும். அவை முறையே உயரம், உராய்வு தாங்கும் திறன், வெட்டு தாங்கும் திறன், அடிப்பாகத்தின் பக்கவாட்டு உறுதி ஆகியவற்றைக் குறிக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2, இரண்டு மேலானது. கெட்ட சாலைக்குப் போகிறவர் நான்காவது எண்ணை முதலில் பார்க்க வேண்டும். வண்டி பாதத்தின்மேல் சாயும்போது உதவுவது அதுவே. ஐ.பி.ஏ. என்றிருந்தால் கணுக்கால் காப்பும், ஐ.பி.எஸ். என்றிருந்தால் கீழ்க்காலின் முன்னெலும்புக் காப்பும், டபிள்யூ.ஆர். என்றிருந்தால் நீர் தடுக்கும் திறனும் சோதிக்கப்பட்டவை. முத்திரையில்லாத காலணி தீயது என்று பொருளில்லை. அதன் வலிமையை வாங்குபவரே சோதித்தறிய வேண்டும் என்று பொருள்.

நீர்புகாமை பற்றிய ஆசையையும் சற்றே அடக்க வேண்டும். மூணாற்றின் தென்மேற்குப் பருவமழையில் நீர் பூட்ஸைத் துளைத்து வருவதைவிடக் கால்சட்டை வழியே மேலிருந்து இறங்குவதே மிகுதி. உள்ளே புகுந்த நீரை நீர்புகாச் சவ்வு வெளியே விடாது. மழைக்கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் மேலே விடுவதும், மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் வைத்திருப்பதும் விலையுயர்ந்த சவ்வுக்கு நிகரான பயன் தரும். பங்குனி, சித்திரையில் 40 பாகை செல்சியஸைத் தொடும் பாலக்காட்டுச் சமவெளியில் அச்சவ்வே பாதத்தை வேகவைக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், தடித்த காலுறையோடு அணிந்து பார்க்க வேண்டும். கட்டியபின் குதியைப் பிடித்து இழுத்தால் கழலக்கூடாது. கையால் முறுக்கினால் பக்கவாட்டில் எளிதில் மடங்கக்கூடாது. குந்தி உட்கார்ந்து எழ முடிய வேண்டும். தன் வண்டியில் ஏறி, கியர் லீவருக்கு அடியில் முனை நுழைகிறதா, பின்பிரேக்கின் அழுத்தம் காலுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தேவையெனில் லீவரைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.

கள ஆய்வாளருக்கு மேலும் ஒரு சோதனை உண்டு. இம்மலைகளில் எந்த வீட்டிலும் காலணியை வாசலில் விட்டே நுழைய வேண்டும். ஒரு நாளில் பத்து வீடுகளுக்குச் செல்பவர் ஒவ்வொரு வாசலிலும் நான்கு பக்கிள்களோடு போராடினால், ஓரிரு நாளில் செருப்புக்கே திரும்பிவிடுவார். ஜிப்பும் வெல்க்ரோவும் உள்ள வகை இங்கு வசதிக்கு அப்பாற்பட்ட தேவை. நிறமும் பேசும். கறுத்த உயரமான பூட்ஸ் பழங்குடி ஊர்களில் வனக்காவலரையும் காவல்துறையையும் நினைவூட்டக்கூடும். பழுப்பு நிறமும், அதை மறைத்து விழும் கால்சட்டையும் அத்தொலைவைக் குறைக்கும்.

பாதத்தை மூடிக் காக்கும் வழக்கம் நமக்கு அயலானதன்று. மலைப்பொருளும் கடற்பொருளும் கொண்டு வழிநடந்த வணிகரைக் காட்டும் பெரும்பாணாற்றுப்படை, அவர்தம் பாதத்தை மூடிய காலணியை 'அரணம்' என்னும் சொல்லால் குறிக்கிறது. கோட்டைக்கும் கவசத்துக்கும் உரிய சொல் அது. தொலைவழி செல்பவரின் காலுக்குக் காப்பு வேண்டும் என்பதை அக்காலத் தமிழ் தயக்கமின்றிச் சொன்னது. இன்றைய பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுச் செலவுப் படிவமும் அதைச் சொல்லலாம். ஒலிப்பதிவுக் கருவிக்கு வரி ஒதுக்கும் படிவத்தில் பாதுகாப்புக் காலணிக்கும் ஒரு வரி சேர்ப்பதால் எந்தத் துறையும் ஏழையாகிவிடாது. நெறிக்குழு தகவலாளரின் நலனைக் கேட்கிறது. ஆய்வாளர் எவ்வழியில், எதில், எதை அணிந்து செல்கிறார் என்பதையும் கேட்கட்டும்.

அடுத்த கட்டம் ஆராய்ச்சியினுடையது. 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. ஆம்பூரும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குத் தோற்காலணி செய்கின்றன. வெயிலுக்கும் மழைக்கும், வண்டிக்கும் நடைக்கும், வாசலில் எளிதாகக் கழற்றுவதற்கும் ஏற்ற ஒரு பூட்ஸை ஆய்வு உதவித்தொகைக்கு எட்டும் விலையில் வடிவமைப்பது இவ்வூர்களால் ஆகாத காரியமன்று. ஏலத்தோட்டத்துக்கு வண்டியில் செல்லும் தொழிலாளரும், மலைவழித் தபால்காரரும், செவிலியரும் அதன் பயனைப் பெறுவர்.

அதுவரை, வாங்குபவர் மனத்தில் கொள்ளத்தக்க வரிசை இது: முதலில் கணுக்காலை மூடுவது, அடுத்து நடக்க இசைவது, பிறகு முத்திரை, கடைசியாக வணிகப்பெயர். நாள்தோறும் அணியப்படும் நடுத்தரப் பூட்ஸ், அறையில் கிடக்கும் உயர்தரப் பூட்ஸைவிடப் பாதுகாப்பானது.