எட்டாம் நம்பரும் ஆடட்டும்!



போன குறுவட்டப் போட்டியில் நம்ம பெண்கள் கபடி டீம் ரெண்டே பாயிண்டில் தோற்றதை எல்லாரும் பேசினீங்க. நடுவர் சரியில்லைன்னு சிலர் சொன்னாங்க. வெயில் அதிகம்னு சிலர் சொன்னாங்க. என் கருத்து வேற. எட்டாம் நம்பர் பனியன் போட்ட நம்ம எக்ஸ்ட்ரா பிளேயரை ஒரு நிமிஷம்கூட உள்ளே இறக்கலை. அதுதான் காரணம். இதை நான் எழுதுறது சிலருக்கு ஆச்சரியமா இருக்கும். ஏன்னா அவள் வந்தா குறையப் போறது என் ஆட்டம்தான். மெயின் ரைடர் நான்தானே!

அன்னைக்கு முதல் பாதியில் நாலு பாயிண்ட் முன்னாடி இருந்தோம். அதில் பாதிக்கு மேல் நான் எடுத்தது. பெருமையாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பாதியில் கால் கனத்துப் போச்சு. பாடிப் போக மூச்சு பத்தலை. நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு எதிர் டீமுக்கும் அதுக்குள்ள பாடமாயிடுச்சு. மூணு தடவை மாட்டினேன்.

கபடியில் மாட்டின ரைடர் வெளியே போய் உட்காரணும். நம்ம டீம் எதிராளி ஒருத்தரை அவுட் ஆக்கினால்தான் திரும்ப உள்ளே வர முடியும். நான் வெளியே இருந்தப்போ ரைடு போனது யார்? பிடிக்க மட்டுமே பழகின கார்னர் பிள்ளைங்க. அவங்க என்ன செய்வாங்க, பாவம்! ரைடு தெரிஞ்ச எட்டாம் நம்பரோ கோட்டுக்கு வெளியே எங்க செருப்புக்கும் தண்ணி பாட்டிலுக்கும் காவல்.

விதிப்படி ஒரு கபடி டீமுக்கு 12 பேர். 7 பேர் ஆடுவாங்க, 5 பேர் மாற்று ஆட்டக்காரர்கள். பெண்களுக்கு 15 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி, நடுவில் 5 நிமிஷம் இடைவேளை. அந்த 5 பேரையும் விதியில் சேர்த்தது பையைப் பார்த்துக்கவா? 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் நம்ம இந்தியப் பெண்கள் 26-25ன்னு ஒரே பாயிண்டில்தான் தங்கம் வாங்கினாங்க. ஒரு ரைடு எவ்வளவு பெருசுன்னு இதிலேயே தெரியுது.

"அவளுக்குப் பயம். போன வருஷம் யாரையும் தொடாம, முதல் கோட்டையும் தாண்டாம திரும்பி வந்து அவுட் ஆனாளே?" என்று கேட்பீங்க. உண்மைதான், நான் மறைக்கலை. ஆனா அன்னைக்கு அவளை இறக்கினது எப்போ? கடைசி ரெண்டு நிமிஷத்தில், பத்து பாயிண்ட் பின்னாடி இருக்கும்போது. நீச்சல் தெரிஞ்சாத்தான் கிணத்தில் இறங்கணும்னு சொன்னா, நீச்சலை எங்கே பழகுறது?

2025 பெண்கள் உலகக்கோப்பை கிரிக்கெட்டை நினைச்சுப் பாருங்க. ஷஃபாலி வர்மா முதலில் அறிவிச்ச 15 பேர் பட்டியலிலேயே இல்லை. பிரத்திகா ராவலுக்குக் காலில் அடிபட்டதால்தான் அவங்களைக் கூப்பிட்டாங்க. இறுதிப் போட்டியில் 78 பந்தில் 87 ரன் அடிச்சு, 2 விக்கெட்டும் எடுத்து, ஆட்ட நாயகி ஆனாங்க. "அவங்க பெரிய பிளேயர், இவ அப்படியா?"ன்னு கேட்கலாம். நான் சொல்ல வந்ததே அதுதான். இந்திய டீமில் இல்லாதப்பவும் ஷஃபாலி உள்நாட்டுப் போட்டியில் ஆடிக்கிட்டே இருந்தாங்க. அதனால கூப்பிட்டதும் கை ஓடுச்சு. நம்ம எட்டாம் நம்பர் எங்கே ஆடுறா?

அதனால் பி.இ.டி. சாரிடம் மூன்று வேண்டுகோள்:

1. சாயங்காலப் பயிற்சியில் எனக்கு எத்தனை ரைடோ, அவளுக்கும் அத்தனை ரைடு.

2. மேட்ச்சில் ரெண்டாவது பாதியின் முதல் 5 நிமிஷம் அவள் ஆடட்டும். நான் மூச்சு வாங்கிட்டு வர்றேன்.

3. முதல் ரைடிலேயே மாட்டினாலும் உடனே வெளியே கூப்பிடக் கூடாது. நான் மூணு தடவை மாட்டினப்போ என்னை யாரும் கூப்பிடலையே!

ரைடு குறைஞ்சா உனக்கு வருத்தமா இருக்காதான்னு என் தோழி கேட்டாள். இருக்கும். கைதட்டல் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா ரெண்டு பாயிண்டில் தோத்துட்டு, பஸ்ஸில் யாரும் யார்கிட்டயும் பேசாம வந்தோமே, அந்த வருத்தம் இதைவிடப் பெருசு. அன்னைக்குக்கூட எல்லாருக்கும் தண்ணி எடுத்துக் கொடுத்தது அவள்தான். அடுத்த மேட்ச்சில் அந்த 5 நிமிஷம் தண்ணி பாட்டிலை நான் பார்த்துக்கறேன்.

இது என் கருத்துதான். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க அடுத்த தாளில் எழுதுங்க. தவறாகச் சொல்லியிருந்தால் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கபடி டீம்