சோடா விற்ற சிறுவனுக்கு ஒரு மைதானம் இருந்தது

'திமிரு' படத்தின் வில்லனாகத்தான் நம் பகுதி இளைஞர்கள் பலருக்கு ஐ.எம்.விஜயனைத் தெரியும். இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்தவர் அவர். 1993, 1997, 1999 என மூன்று முறை நாட்டின் சிறந்த வீரர் விருதை வென்ற ஸ்டிரைக்கர். 2003இல் அர்ஜுனா விருதும் 2025இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன.

1969இல் திருச்சூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் விஜயன். சிறுவயதில் அந்த ஊர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்றார். 17 வயதில் கேரள போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணி அது. பின்னர் மோகன் பகான், இந்திய அணி என வளர்ந்தார். ஆட்டத்தை விட்ட பிறகு அவரைத் தாங்கியதும் அதே காவல் துறை வேலைதான்.

இதை 'உழைத்தால் உயரலாம்' என்ற கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். உழைப்பு உண்மை. ஆனால், அந்த உழைப்புக்கு இடம் கொடுத்தவை இரண்டு: ஊருக்குச் சொந்தமான மைதானம், அரசு வேலை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளின் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் இந்த இரண்டும் எங்கே? நம் பிள்ளைகள் காலி மனைகளில் ஆடுகிறார்கள். மனையில் கட்டடம் எழும்பினால் ஆட்டம் முடிந்தது. தனியார் பயிற்சி மையங்களில் சேரலாம் என்றால், மாதக் கட்டணமும் பூட்ஸ் விலையும் கூலி வேலை செய்யும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடும் இல்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால், அதற்குப் போட்டிகளில் வென்ற சான்றிதழ் வேண்டும். ஆட இடமே இல்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை 2024இல் தமிழக அரசு கொண்டுவந்தது. அந்த நிதியில் குடியிருப்புக்கு அருகில் இருக்கும் புறம்போக்கு நிலத்தை அளந்து, வேலி போட்டு, விளக்கு வைத்து, சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளரை நியமிக்கட்டும். சென்னை, ஆவடி மாநகராட்சிகளும் பூந்தமல்லி நகராட்சியும் இதை இந்த ஆண்டே தொடங்கலாம். பகுதி சபைக் கூட்டத்தில் குடிநீரையும் சாலையையும் கேட்கும் நாம், மைதானத்தையும் சேர்த்துக் கேட்போம்.

விஜயனைப் போன்ற கால்கள் நம் தெருக்களிலும் இருக்கும். அவை ஓட நிலம் வேண்டும்.