வணக்கமும் சாளரமும்

அரசவைச் சடங்குகளைப் பற்றி நம்மவருள் இருவகைக் கருத்து நிலவுகின்றது. அவை யாவும் வீண் ஆடம்பரமே என்று ஒரு சாரார் தள்ளிவிடுவர். அவையின்றி ஆட்சிக்கு மாட்சி இல்லை என்று மற்றொரு சாரார் போற்றுவர். இரண்டும் குறையுடையன என்பது எம் துணிபு. சடங்கு என்பது அதிகாரம் பேசும் மொழி. அம்மொழியில் அரசன் தான் பெறவேண்டியதை மட்டும் கூறுகின்றானா, தான் இறுக்கவேண்டிய கடனையும் ஒப்புக்கொள்கின்றானா என்று நோக்கியே அதன் நன்மை தீமைகளைத் தெளிதல் வேண்டும். இதனை ஆராய்தற்கு மொகலாயப் பேரரசரின் அவை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அக்பர் காலத்தில் நிலைபெற்ற வழக்கம் ஒன்றுண்டு. கதிரவன் எழும் வேளையில் கோட்டை மதிலின் மேலமைந்த சாளரத்தில் பேரரசர் வந்து தோன்றுவார். கீழே மக்கள் திரண்டு நிற்பர். இதற்கு ஜரோகா தரிசனம் என்று பெயர். ஜரோகா என்பது அரண்மனைச் சாளரம்; தரிசனம் என்பதோ கோயிலுக்குரிய சொல். அரசர் முகங்கண்டாலன்றி உணவு கொள்ளாதாரும் அக்கூட்டத்தில் இருந்தனர். இஃது அளவு கடந்த பணிவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சாளரத்தின் கீழ் நின்றே எளியோரும், வாயில் காப்போர் தயவை வேண்டாது, தம் குறைகளை முறையிட்டனர் என்பதை மறத்தல் ஆகாது.

அச்சடங்கு அரசனையும் எத்துணை இறுகப் பிணித்திருந்தது என்பதற்கு 1657-ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் ஷாஜஹான் தில்லியில் நோயுற்றார், சாளரத்தில் தோன்றவில்லை. அரசர் இறந்தார் என்ற வதந்தி நாடெங்கும் பரந்தது. மைந்தர் நால்வரும் அரியணைக்காகப் போரில் இறங்கினர். அவர் நலம் பெற்றும் பயனில்லை. 1658-இல் ஆக்ராக் கோட்டையில் மகன் ஔரங்கசீப்பின் சிறைக்கைதியானார். நாள்தோறும் மக்கள் முன் நிற்பதால் நிலைத்த அதிகாரம், நில்லாத சின்னாட்களில் ஆட்டங்கண்டது.

பிற சடங்குகளிலும் இவ்விரு முகமும் உண்டு. நம் நாட்டார் துலாபாரம் என்று நெடுங்காலமாக அறிந்த சடங்கை மொகலாயரும் மேற்கொண்டனர். பிறந்தநாளில் அரசன் தராசுத் தட்டில் அமர்வான். அவன் எடைக்கு எடை வைத்த பொன்னும் வெள்ளியும் பிறவும் வறியோர்க்குரியன. இங்கிலாந்து மன்னரின் தூதராக வந்த சர் தாமஸ் ரோ, 1617-இல் மாண்டு நகரில் ஜஹாங்கீர் இவ்வாறு நிறுக்கப்பட்டதைக் கண்டார். பைகளுக்குள் இருந்தது பொன்னோ கூழாங்கல்லோ, தாம் காணவில்லை என்ற பொருள்பட எழுதியும் வைத்தார். தூதரின் ஐயம் நகைப்புக்குரியதன்று. கொடை வறியவன் கையைச் சேர்ந்தால் அது சடங்கு. சேராவிடின் வெறுங் காட்சி.

சமயத்தின் முன் அவ்வரசர் நின்ற நிலையும் எண்ணத்தக்கது. 1575-இல் பதேபூர் சிக்ரியில் வழிபாட்டு மண்டபம் ஒன்றை எழுப்பிய அக்பர், பல சமயத்தாரையும் அழைத்து வாதிடச் செய்தார். 1580-இல் ருதோல்போ அக்குவாவிவா முதலிய சேசு சபைக் குருமார் அங்குச் சென்று வேதாகமத்தை அளித்தபோது, அதனை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். பிறரால் வணங்கப்பட்டவர், தம் சமயத்ததல்லாத மறைநூலுக்கும் தலை தாழ்த்தினார். அதே அக்பரே, தம் முன் வருவோர் நெற்றி நிலந்தோய விழும் சிஜ்தா என்னும் வணக்கத்தையும் ஏற்றார். அவ்வணக்கம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்று இஸ்லாமியச் சான்றோர் மறுத்தனர். 1628-இல் அரியணையேறிய ஷாஜஹான் அதனை நீக்கினார். மனிதனுக்கு எவ்வளவு வணக்கம் தகும் என்ற இவ்வினாவிற்கு எம் கிறிஸ்தவ மறையும் அச்சான்றோர் கூறிய விடையையே கூறும்.

1668-இல் ஔரங்கசீப் சாளர தரிசனத்தையும் நிறுத்திவிட்டார். மனித வழிபாட்டைப் போன்றது என்பதே காரணம். அவரது சமய உணர்வை யாம் இகழோம். அவைக்கண் முறைகேட்பதை அவர் கைவிட்டாருமல்லர். எனினும், வைகறையில் யாவரும் அரசனைக் கண்ட அந்த இடம் மூடப்பட்டது. வணக்கத்தை ஒழித்துச் சாளரத்தை வைத்திருக்கலாகாதா? களையைப் பறிக்கையில் பயிரும் உடன் போயிற்று என்பதே எம் வருத்தம்.

சாளரம் அற்ற சடங்கு எதுவாய் முடியும் என்பதை அறியத் தில்லிக்குச் செல்ல வேண்டுவதில்லை. எம் கருக்களாச்சேரிக் கரைக்கு வடக்கே உள்ள புதுச்சேரியே போதும். 1739-இல் காரைக்காலைப் பெற்ற பிரஞ்சுக்காரர், புதுச்சேரியில் மொகலாயப் பேரரசர் பெயர் பொறித்தே ரூபாய் அடித்து வந்தனர். 1750 டிசம்பரில் தக்காண சுபேதாராக முசாபர் ஜங் அந்நகரில் பேராரவாரத்துடன் அமர்த்தப்பட்டார். ஆளுநர் டூப்ளே இஸ்லாமியப் பிரபுவின் உடையணிந்து காணிக்கை செலுத்தினார். 7000 குதிரைக்குரிய மன்சப் பதவியையும், மொகலாய அவையின் உயர்ந்த விருதாகிய மீன் சின்னத்தையும் பெற்றார். கடலில் மீன் பிடித்து உயிர்வாழும் எம்மூரார்க்கு, கோலின் உச்சியில் ஏற்றிய அம்மீன் வியப்பையே தரும். அது யார் பசியை ஆற்றிற்று? அங்கு அளித்தவர்க்கும் பெற்றவர்க்குமிடையே எல்லாம் முடிந்தது. முறையிடுவார்க்கு இடமே இல்லை. இரண்டு திங்களுக்குள், 1751 பிப்ரவரியில், முசாபர் ஜங் போரில் மாண்டார். 1754-இல் டூப்ளேயும் திருப்பி அழைக்கப்பட்டார். விருது எஞ்சிற்று, அதிகாரம் எஞ்சவில்லை.

இவை பழங்கதை என்று கருதற்க. இக்காலத்தும் பொதுமேடைகளில் பொன்னாடை போர்த்துகின்றோம். ஆளுயர மாலை சூட்டுகின்றோம். அதிகாரத்திலிருப்பார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவாரையும் காண்கின்றோம். முடியாட்சி போயிற்று, சிஜ்தா போகவில்லை. ஆனால் அன்று மதிலின் கீழ் நின்று முறையிட்ட எளியவனுக்கு, இன்று அலுவலகத் திண்ணையில் காத்திருப்பதே பலநாள் வேலையாகின்றது.

படித்த இளைஞராகிய நாம் சடங்கை எள்ளி நகையாடுவதோடு அமைதல் போதாது. மாலையை ஏற்பவர் மனுவையும் ஏற்கின்றாரா என்று வினவுதல் வேண்டும். நாளை நாமே அலுவலில் அமருங்கால், பிறர் நம் காலில் விழ இடங்கொடாது, எதிரே இருக்கை இட்டு அவர் குறையைக் கேட்டல் வேண்டும். நெற்றி நிலந்தோயும் வணக்கம் இறைவனுக்கே இருக்கட்டும். ஆள்வோரிடம் நாம் கேட்பது அச்சாளரத்தையே.